தொட்டிக்குள் வந்த கட்டை

வெள்ளம் வடிந்த மறுவாரம் ஆற்றங்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். மணல் திட்டுகளிலும் பாலத்துத் தூண்களின் அடியிலும் வேரும் கிளையுமாகக் கட்டைகள் ஒதுங்கிக் கிடக்கும். பட்டை உரிந்து, முனை மழுங்கி, தண்ணீரே தச்சனாக இருந்து செதுக்கியதுபோலச் சில கட்டைகள் இருக்கும். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர் எவருக்கும் அவற்றுள் ஒன்றையாவது தூக்கி வராமல் திரும்ப மனம் வராது. கடையில் இத்தகைய கட்டைக்குச் சொல்லும் விலை தெரிந்தவருக்கோ கேட்கவே வேண்டாம்!

எடுத்து வாருங்கள், தவறில்லை. ஆனால் குழாயடியில் ஒருமுறை அலசிவிட்டு அப்படியே தொட்டிக்குள் இறக்கிவிடாதீர்கள். இறக்கினால் என்ன ஆகும்? முதலில், கட்டை மூழ்காது. தக்கைபோல மேலே வந்து நிற்கும். இரண்டொரு நாளில் தண்ணீர் தேநீர் நிறம் கொள்ளும். பிறகு கட்டையின்மேல் வெண்மையாக ஏதோ வழவழப்புப் படியும். நல்ல கட்டையாக இருந்தால் இதோடு போயிற்று. கெட்ட கட்டையாக இருந்தாலோ, ஒருநாள் காலையில் மீன்கள் எல்லாம் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக் கொண்டிருக்கும்.

இவை ஒவ்வொன்றும் ஏன் நிகழ்கின்றன என்பதற்கான விடையை எவரோ ஒருவர் உட்கார்ந்து கண்டுபிடித்துவிடவில்லை. லண்டனில் மருந்துச் சரக்கு நிறுவனம் ஒன்றின் இரசாயனியும், அமேசானில் அலைந்த இயற்கை ஆராய்ச்சியாளர் ஒருவரும், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்த போர்க்கப்பல் ஒன்றும் ஆளுக்குக் கொஞ்சம் சொன்னவை அவை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

அழுகிய இலையும் ஒரு நத்தையும்

கண்ணாடிக்குள் உயிரை அடைத்து வைத்துப் பார்க்கும் ஆசை பழையது. 1771ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்துபோன காற்றில் ஒரு புதினாத் தழையை மூடி வைத்தார். சில நாட்கள் சென்றபின் அதே காற்றில் மெழுகுவர்த்தி மறுபடியும் எரிந்தது. தாவரம் இந்த வேலையை வெளிச்சத்தில்தான் செய்கிறது என்பதை 1779இல் இங்கன்ஹூஸ் காட்டினார். பின்னர் 1829இல் நத்தானியல் வார்டு என்ற லண்டன் மருத்துவர், விட்டில் பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு சீசாவில் மூடி வைத்தார். மூடிய சீசாவுக்குள், எவரும் நீர் ஊற்றாமலே, ஒரு பெரணிச் செடி முளைத்து வளர்ந்தது. சிசிலித் தீவில் ஜான் வில்லப்ரூ பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1832 முதல் கண்ணாடித் தொட்டிகளில் ஆர்கோநாட் என்னும் கடல் உயிரை வளர்த்து, அதன் ஓட்டை அதுவேதான் உண்டாக்கிக் கொள்கிறது என்று நிரூபித்தார். தையல் வேலை செய்து பிழைத்தவர் அவர். மீன் தொட்டியின் வரலாற்றில் அவர் பெயரை நீண்டகாலம் பலர் மறந்துவிட்டது நியாயமில்லை.

ஆனால் நம்முடைய கட்டைக்கு நேரடியாகத் தொடர்புள்ளவர் ராபர்ட் வாரிங்டன். லண்டனில் மருந்து வணிகர் சங்கத்தில் இரசாயனியாக இருந்தவர். 1849இல் அவர் சுமார் 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் பாதியளவு ஊற்று நீரும், அடியில் மணலும் சேறும், ஒதுங்குவதற்குச் சில கற்களும் போட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். கூடவே நாடாபோல் நீண்ட இலையுடைய வாலிஸ்நேரியா என்ற நீர்த்தாவரத்தையும் நட்டார். நம் ஊர்க் குளங்களிலும் இந்தத் தாவரம் உண்டு. மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி வெளிவிடும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கும். எனவே தண்ணீரை மாற்றவே வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு.

கணக்கு சரிதான். கொஞ்ச நாட்கள் எல்லாம் நன்றாகவே நடந்தது. அதன்பின் ஒரு சங்கடம் வந்தது. செடியின் முதிர்ந்த இலைகள் அழுகத் தொடங்கின, நீர் கலங்கியது, கண்ணாடியில் பசும்பாசி படர்ந்தது. மீனும் செடியும் ஒன்றுக்கொன்று உதவியும், செத்த இலையை என்ன செய்வது என்பதற்கு அவர் கணக்கில் இடமே இல்லை! இயற்கையான குளத்தில் இதை யார் செய்கிறார்கள் என்று யோசித்த வாரிங்டன், குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகலையும் பாசியையும் மேய்ந்தன, நீர் தெளிந்தது, நத்தையின் முட்டையும் குஞ்சும் மீனுக்கு இரையாயின. 1850இல் இதை அவர் இரசாயனச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். இன்று நாம் மீன் தொட்டி என்று சொல்லும் பொருளுக்கு அந்தச் சிறு கட்டுரைதான் அடித்தளம்.

வாரிங்டன் கண்ட சங்கடத்தின் உள்விவரம் அவருக்கே முழுமையாகத் தெரிந்திருக்க வழியில்லை. அழுகல் என்பது நுண்ணுயிர்களின் வேலை என்பதைப் பாஸ்டர் நிலைநாட்டியது அதற்குப் பிறகுதான். நுண்ணுயிர்களுக்கும் மூச்சு உண்டு. 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய பிராணவாயு ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான். அதே அளவு காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் இருக்கிறது. இந்தச் சொற்பக் கையிருப்பைத்தான் மீனும் நுண்ணுயிரும் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். உள்ளே மெத்தென்று உளுத்துப்போன கட்டையைத் தொட்டியில் போட்டால், கோடிக்கணக்கான பங்காளிகளை அழைத்து வந்ததுபோலாகும். இரவில் செடிகளும் பிராணவாயுவை வெளிவிடாமல் உட்கொள்ளும் பக்கம் சேர்ந்துவிடும். ஆதலால்தான் விபத்து விடியற்காலையில் தெரிகிறது.

எனவே கட்டையை எடுக்கும்போதே நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதிந்தால் அதை ஆற்றிலேயே விட்டுவிடுங்கள். பச்சைக் கட்டையும் உதவாது. அதன் பாலும் சர்க்கரையும் நுண்ணுயிருக்கு விருந்து. நன்றாகக் காய்ந்து, பட்டை முழுவதும் போன, கெட்டியான வயிரக்கட்டையே ஏற்றது. பட்டை ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். கொய்யா வேரும் கிளையும் நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பவை; நன்றாக உழைக்கும். எட்டி, அரளி, கள்ளி வகைகளின் பக்கமே போக வேண்டாம். கடலோரச் சதுப்பில் பொறுக்குகிறவர்கள் தில்லை மரத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே தில்லைதான். பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. என்ன மரம் என்று அடையாளம் தெரியாத கட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வரவேற்பறையில் வையுங்கள், தொட்டியில் வேண்டாம்.

வாரிங்டனுக்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் கண்ணாடிமீது இருந்த வரி 1845இல் நீங்கிக் கண்ணாடி மலிவாகியிருந்தது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்வேரியம்’ என்ற சொல்லை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. தொட்டி வைக்காத வீடு நாகரிகமற்ற வீடு என்ற நிலை! கடற்கரைப் பாறைக் குட்டைகளை மக்கள் கூடை கூடையாகக் காலி செய்தார்கள். காஸின் மகனே பின்னாளில், 1907இல் வெளிவந்த தம் நூலில், தந்தையின் புத்தகத்தால் கரை பாழானதைக் குறித்து வருந்தி எழுதினார். சென்னை மெரீனாவில் மீன் காட்சிசாலை திறந்தது 1909இல். அந்தக் காலத் தொட்டிகளில் அலங்காரம் என்றால் பெரும்பாலும் கல்லும் சிப்பியும் மணலும்தான். அழுகக்கூடிய எதையும் நீருக்குள் வைக்கலாகாது என்பது பாடமாகிவிட்டிருந்தது. அந்தப் பாடத்தைத் திருத்தி எழுத வேறொரு கண்டத்தின் ஆறு தேவைப்பட்டது.

தேநீர் நிற ஆறு

ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற பெயரை டார்வினோடு சேர்த்துக் கேட்டிருப்பீர்கள். இயற்கைத் தேர்வுக் கொள்கையைத் தனித்தே கண்டவர். அதற்கு முன்பு, 1850 முதல் 1852 வரை, அவர் அமேசானின் கிளையான ரியோ நீக்ரோவில் படகில் சுற்றினார். ரியோ நீக்ரோ என்றால் கறுப்பு ஆறு என்று பொருள். கையில் அள்ளினால் வடித்த தேநீர். ஆழத்தில் பார்த்தால் மை. மனாவுஸ் நகரருகே சேற்று நிறமுள்ள பேராற்றோடு கலக்கும்போது இரு நீரும் பல கிலோமீட்டர் தூரம் ஒட்டாமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அப்பகுதி ஆறுகளை நீரின் நிறம் கொண்டு வகைப்படுத்தியவர் வாலஸ். அவர் ரியோ நீக்ரோவின் மீன்களை இருநூறுக்கு மேற்பட்ட பென்சில் ஓவியங்களாக வரைந்தார். ஊர் திரும்பும் வழியில், 1852 ஆகஸ்டு 6ஆம் நாள், நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. நான்காண்டு உழைப்பில் கடைசிப் பகுதி முழுவதும் சாம்பலாயிற்று. அறைக்குள் ஓடி ஒரு தகரப் பெட்டியில் கைக்கு அகப்பட்டதைத் திணித்துக்கொண்டு அவர் உயிர் தப்பினார். அப்பெட்டியில் இருந்தவற்றுள் ஒன்று இந்த மீன் ஓவியங்கள். அவை முழு நூலாக அச்சேறியது 2002இல்தான்!

இதற்கும் நம் கட்டைக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஆற்றின் நிறமும் உங்கள் தொட்டியில் வரும் நிறமும் நெருங்கிய உறவு. மரத்திலும் பட்டையிலும் இலையிலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும், அவை மட்கும்போது உண்டாகும் பழுப்பு அமிலங்களும் நீரில் கரைகின்றன. டானின் நமக்குப் புதிதன்று. நம் தோல் பதனிடும் தொழிலில் ஆவாரம் பட்டையை ஊறவைத்துப் பயன்படுத்தியது இதற்காகத்தான். கிணற்று நீர் இனிக்க நெல்லிக் கட்டையை அடியில் போடும் வழக்கத்தையும் நம் பெரியவர்கள் வைத்திருந்தார்கள். நெல்லியின் துவர்ப்பு அனைவரும் அறிந்ததே. ஆக, மரத்தை நீரில் போட்டு நீரின் குணத்தை மாற்றுவது நமக்கும் பழக்கமான காரியம்.

ரியோ நீக்ரோவில் சுண்ணாம்புச் சத்து மிகமிகக் குறைவு. நீர் நல்ல அமிலத்தன்மை உடையது. இத்தகைய நீரில் பிறந்து வளரும் மீன்கள்தான் பிற்காலத்தில் தொட்டிகளின் நாயகர்களாயின. நியான் டெட்ராவுக்கு 1936இலும், ரியோ நீக்ரோவின் கார்டினல் டெட்ராவுக்கு 1956இலும் விஞ்ஞானப் பெயர் சூட்டப்பட்டது. அழகில் மயங்கி வாங்கியவர்கள் ஒன்றைக் கண்டு திகைத்தார்கள். தெளிந்த, கடினமான குழாய் நீரில் இந்த மீன்கள் வாழும். ஆனால் முட்டைகள் உருப்படுவதில்லை. மென்மையான, சற்று அமிலமான நீரில்தான் குஞ்சு பொரித்தன. பழுப்பு நீர் என்றால் அழுக்கு நீர் என்ற எண்ணம் இப்படித்தான் கலைந்தது.

உங்கள் தொட்டியில் வரும் நிறத்தைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. நம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கார்பனேட் உப்புக்கள் ஏராளம். ஒரு கட்டையின் டானின் அவற்றை அசைத்துவிடாது. மழைநீரோ வடிகட்டிய மென்னீரோ ஊற்றுகிறவர்கள் மட்டும் அமிலத்தன்மையை அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும். கப்பி, மோலி போன்ற மீன்களுக்குக் கடின நீர்தான் உகந்தது. அவை இருக்குமிடத்தில் கட்டையை நன்றாக ஊறவைத்துத் துவர்ப்பைப் போக்கிவிட்டு வைப்பதே சரி.

மிதப்பதேன், மூழ்குவதேன்?

மரத்தைத் தண்ணீரைவிட இலேசான பொருள் என்று நாம் நினைக்கிறோம். உண்மை வேறு. மரத்தின் உயிரணுச் சுவர்ப் பொருள் மட்டும் தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம். மிதக்க வைப்பது, அணுக்களின் உள்ளே இருக்கும் காற்று. காற்று வெளியேறி அங்கே நீர் புகுந்தால் எந்த மரமும் மூழ்கும். ஊறவைத்தாலே இது நடக்கும். ஆனால் மாதங்கள் ஆகலாம். கொதிக்க வைத்தால் விரைவில் நடக்கும். வெப்பத்தில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. அதன் இடத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது. அடுப்பை அணைத்ததும் நீராவி குளிர்ந்து நீராகச் சுருங்க, அங்கே ஒரு வெற்றிடம் தோன்றி, சுற்றியுள்ள நீரை உள்ளே இழுக்கிறது. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கொதித்த கட்டையைச் சுடச்சுட வெளியே எடுத்துவிட்டால் அது இழுப்பது காற்றைத்தான்! அண்டாவிலேயே, நீருக்குள் அமுங்கியபடியே ஆறவிடுங்கள். ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, பழுப்பு நீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் புதுநீரில் கொதிக்கவையுங்கள். சன்னல் கதவைத் திறந்து வையுங்கள். (சமையல் அண்டாவைக் கேட்டால் வீட்டில் என்ன பதில் வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய வெந்நீர் அண்டா உத்தமம்.) சோப்பு, சலவைத்தூள், வார்னிஷ் எதுவும் ஆகாது, மரம் அவற்றைக் குடித்து வைத்துக்கொண்டு நாளடைவில் தொட்டியில் கக்கும். தேய்க்கும் பிரஷும் வெந்நீரும் போதும்.

அண்டாவில் அடங்காத பெரிய கட்டையை என்ன செய்வது? தண்ணீர்த் தொட்டியில் கல்லேற்றி அமுக்கி, சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி, வாரக்கணக்கில் ஊறவைப்பதுதான் வழி. அவசரமென்றால் எவர்சில்வர் திருகாணியால் ஒரு கருங்கல் துண்டோடு பிணைத்துவிடலாம். கடப்பைக் கல் வேண்டாம். அது சுண்ணாம்பு இனம். ஏன் எவர்சில்வர், இரும்பு ஆணி ஆகாதா என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் சுவீடன் நாட்டில் இருக்கிறது.

1628 ஆகஸ்டு 10ஆம் நாள், ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து முதல் பயணம் புறப்பட்ட ‘வாசா’ என்ற போர்க்கப்பல், கரையிலுள்ளோர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கவிழ்ந்து மூழ்கியது. 1956இல் ஆண்டர்ஸ் பிரான்சேன் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். 1961 ஏப்ரல் 24ஆம் நாள் அது மேலே வந்தபோது மரம் ஏறக்குறைய முழுமையாக இருந்தது! காரணம், பால்டிக் கடலில் உப்பு குறைவு. கப்பல் துளைக்கும் புழு அங்கே வாழ்வதில்லை. அடியில் பிராணவாயுவும் குறைவு. ஆனாலும் நுண்ணுயிர்கள் அணுச்சுவர்களை மெல்ல அரித்திருந்தன. தேங்கிய நீர்தான் மரத்தின் வடிவைத் தாங்கிக்கொண்டிருந்தது. காயவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். எனவே பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற மெழுகுபோன்ற பொருளின் கரைசலை 1962 முதல் 1979 வரை, 17 ஆண்டுகள், கப்பல்மீது தெளித்து நீருக்குப் பதிலாக அதை ஊட்டினார்கள். நெடுங்காலம் ஆற்றடியில் கிடந்த கட்டை ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் அதைக் காயவிடாமல் ஈரமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். காய்ந்தால் அது வெடிக்கலாம்; மறுபடி மிதக்கவும் தொடங்கலாம்.

வாசா கதை அத்துடன் முடியவில்லை. 2000ஆம் ஆண்டின் ஈரமான கோடைக்குப் பிறகு கப்பல் மரத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகத் திட்டுக்கள் தோன்றின. சோதித்தால் அமிலம்! நகரக் கழிவு கலந்த துறைமுகச் சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய கந்தகப் பொருள்கள் நூற்றாண்டுகளாக மரத்துக்குள் ஏறியிருந்தன. கரையில் பிராணவாயு பட்டதும் அவை கந்தக அமிலமாக மாறின. அந்த மாற்றத்தைத் துரிதப்படுத்தியது இரும்பு. பழைய ஆணிகளின் துரு போதாதென்று 1960களில் புதிய இரும்புத் திருகாணிகளையும் போட்டிருந்தார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அவற்றைப் பின்னர் துருப்பிடிக்காத எஃகால் மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வீசும் கட்டை, கந்தகச் சேற்றில் கிடந்த கட்டை, அதை விட்டுவிடுங்கள். நொய்யல்போலச் சாயக்கழிவு கலந்த ஆறுகளில் எடுத்ததும் வேண்டாம். மரத்துக்குள் ஏறியது என்னவென்று வெளியிலிருந்து தெரியாது. கட்டையில் எங்காவது கருநீலக் கறை தென்பட்டால் அங்கே ஆணி இருக்கிறதா என்று தேடுங்கள். டானினும் இரும்பும் சேர்ந்தால் மை. கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி நம் முன்னோர் மை காய்ச்சியது இதே இரசாயனம்தான்.

கடற்கரையில் எடுத்த கட்டையில் சுண்ணாம்பு பூசிய வட்டத் துளைகள் இருந்தால் அவை கப்பல் துளைப்பானின் வேலை. புழு என்று சொல்கிறோமே தவிர அது சிப்பி இனம். 1731இல் ஹாலந்தில் கடலைத் தடுத்து நின்ற அணைகளின் மரங்களை இது சல்லடையாக்கிவிட்டது கண்டு நாடே நடுங்கியது. பின்னர்க் கல்லால் கட்டினார்கள். நம் மீனவர்கள் கரை சேர்ந்ததும் கட்டுமரத்தை அவிழ்த்து மணலில் காயப்போட்டது, மரத்தின் கனத்தைக் குறைத்ததோடு இந்தத் தொல்லைக்கும் இடமில்லாமல் செய்தது. தொட்டிக்குள் துளைப்பான் பிழைக்காது. உப்புத்தான் பிரச்சினை. நன்னீர் மீன்களுக்கென்றால் வாரக்கணக்கில் நீர் மாற்றி உப்பை முற்றும் போக்க வேண்டும்.

ஆற்றில் கட்டை எதற்கு?

கட்டை கிடப்பது ஆற்றுக்கு அழுக்கு என்றே நெடுங்காலம் பொறியாளர்கள் எண்ணினார்கள். அமெரிக்காவில் நீராவிப் படகுகளின் அடியைக் கிழித்தவை மூழ்கிய மரங்கள்தாம். ஹென்றி ஷ்ரீவ் என்பவர் 1829இல் இரட்டைப் படகு ஒன்றைக் கட்டி அவற்றைப் பிடுங்கி எறிந்தார். மக்கள் அதைப் பல் பிடுங்கி என்று அழைத்தார்களாம். 1833 முதல் 1838 வரை அவர் ரெட் ஆற்றை அடைத்திருந்த 160 மைலுக்கு மேற்பட்ட மரக்குவியலையே அறுத்து வழி செய்தார். போக்குவரத்துக்கு அது வேண்டியிருந்தது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பழக்கம் சிற்றோடைகளுக்கும் பரவியது. சால்மன் மீன் மேலேறக் கட்டைகள் தடை என்று எண்ணி, 1970கள் வரைகூட மேற்கு அமெரிக்க ஓடைகளைத் துடைத்துச் சுத்தம் செய்தார்கள். அதன் விளைவு? ஓடை ஆழமிழந்து வாய்க்காலாயிற்று, குஞ்சுகளுக்கு ஒதுங்க நிழல் இல்லை, மீன் குறைந்தது. ஆரிகன் பகுதி ஆராய்ச்சியாளர்கள் இதை எடுத்துக் காட்டியபின், அதே ஓடைகளில் செலவு செய்து மரங்களைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டார்கள்!

வீட்டுத் தொட்டியில் கட்டைக்குத் தலைமை இடம் வாங்கித் தந்தவர்களுள் முக்கியமானவர் ஜப்பானின் தக்காஷி அமானோ. 1954இல் பிறந்து, சைக்கிள் பந்தய வீரராக இருந்து, காட்டைப் படம்பிடிக்கும் புகைப்படக்காரர் ஆனவர். 1982இல் தொட்டி அமைக்கும் நிறுவனம் தொடங்கினார். வேர்க்கட்டையும் கல்லும் பாசியும் கொண்டு, விழுந்த மரங்கள் நிறைந்த காட்டு ஓடையையே கண்ணாடிக்குள் காட்டினார். லிஸ்பன் நகரக் கடற்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத் தொட்டியை 2015இல் அமைத்து முடித்த அவர், அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார்.

கட்டையை இறக்கியபின் முதல் இரண்டு மூன்று வாரங்களில் அதன்மேல் பஞ்சுபோன்ற, அல்லது கண்ணாடிக் கூழ்போன்ற வெண்படலம் படியும் என்று தொடக்கத்தில் சொன்னோமல்லவா? மரத்தில் மிஞ்சிய சர்க்கரையை உண்ணும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் அவை. உணவு தீர்ந்ததும் தாமே போய்விடும். படலம் மிகத் தடித்தால் மட்டும் கட்டையை வெளியே எடுத்துப் பிரஷால் தேய்த்து வையுங்கள். அந்த வாரங்களில் இரவில் காற்றுக்குழாய் ஓடட்டும். பொறுமை இல்லாதவர்கள் இரண்டு நத்தைகளை விட்டால் போதும். வாரிங்டனின் இலையை மேய்ந்ததுபோலவே கட்டையையும் மேய்ந்து வழித்துவிடும்.